பச்சிளம் உடலின் சர்க்கரைச் சங்கிலிகள்

ரத்த வங்கியில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் பெரியவர் ஒருவரின் சிவப்பணுக்கள். மற்றொன்றில் அப்போதுதான் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த சிவப்பணுக்கள். இரண்டிலும் ஒரே எதிர்ப்பொருள் கலந்த சீரத்தைச் சில சொட்டு விட்டு, 4 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவரின் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிப் போகின்றன. குழந்தையின் அணுக்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆவதில்லை. குழாயை மெல்ல ஆட்டினால் சீராகக் கலங்கி மிதக்கின்றன.

அந்தப் பெரியவர் குழந்தையின் தகப்பனாராகவே இருக்கலாம். இருவருக்கும் ரத்த வகையும் ஒன்றாக இருக்கலாம். அப்போதும் முடிவு இதுதான். சிவப்பணுவின் உறையில் பத்து லட்சம் பிரதிகள் அளவுக்கு நிறைந்திருக்கும் ‘பேண்ட் 3’ என்ற புரதம் இருவரிடமும் ஒன்றே. அதன்மேல் வளர்ந்திருக்கும் சர்க்கரைச் சங்கிலிதான் வேறு. குழந்தையிடம் அது கிளையில்லாத நீண்ட ஒற்றை இழை. பெரியவரிடம் பக்கக் கிளைகள் விட்டது. சீரத்தில் இருந்த எதிர்ப்பொருள் கிளைகளைத்தான் அடையாளம் காண்கிறது.

கிளைவிட்ட வடிவத்துக்குப் ‘பெரிய ஐ’ என்று பெயர். ரீசஸ் வகையைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் வீனர் 1956-இல் இதை விவரித்தார். 1961-இல் மார்ஷ் என்ற ஆய்வாளர், பச்சிளம் குழந்தைகளிடம் நிறைந்திருக்கும் ‘சின்ன ஐ’ வடிவத்தை அடையாளம் காட்டினார். குழந்தை வளர வளரச் சின்ன ஐ குறைந்து பெரிய ஐ கூடுகிறது. ஏறக்குறைய ஒன்றரை வயதில் மாற்றம் முடிந்துவிடுகிறது. 1979-இல் மினோரு ஃபுகுடா, மிச்சிகோ ஃபுகுடா, சென்-இதிரோ ஹகோமோரி ஆகியோர், பேண்ட் 3 புரதத்தின் மேலுள்ள சங்கிலியே இப்படி உருமாறுகிறது என்று வேதியியல் முறையில் நிறுவினார்கள்.

குழந்தை பிறந்த பிறகு என்னென்ன வளர்கிறது என்று கேட்டால் எல்லோரும் சொல்வோம்: உச்சிக்குழி மூடும், பல் முளைக்கும், தலை நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த வளர்ச்சியும் அதே காலத்தில் நடக்கிறது. ரத்தத்தில் ஒரு காலக்கணக்கு, மூளையில் இன்னொன்று, குடலில் வேறொன்று. ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய வேளையில் தன் புரதங்களின் சர்க்கரையை மாற்றிக்கொள்கிறது. பச்சிளம் குழந்தைக்கு வரும் சில நோய்களும், அதற்குக் கொடுக்கும் சில தடுப்பூசிகளும், செய்யும் சில பரிசோதனைகளும் இந்தக் காலக்கணக்கோடு பின்னிக் கிடக்கின்றன.

அச்சில்லாமல் கட்டப்படும் சங்கிலி

புரதத்தின் அமினோ அமில வரிசை மரபணுவில் எழுத்துக்கு எழுத்து குறிக்கப்பட்டிருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி ஒரு மூலப்படி கிடையாது. மரபணுக்கள் தருவது அதைக் கட்டும் நொதிகளை மட்டுமே. சர்க்கரையை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டும் நொதிகள் மனித உடலில் 200-க்கும் மேல்.

மிகப் பரவலான முறை இது. செல்லுக்குள் எண்டோபிளாச வலைப்பின்னலில் புரதம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே, 14 சர்க்கரைகள் கொண்ட ஒரு துண்டு முழுதாக அதன்மீது ஏற்றப்படுகிறது: 3 குளுக்கோஸ், 9 மேனோஸ், 2 என்-அசிட்டைல்குளுக்கோசமைன். கண்ட இடத்தில் ஏறாது. அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம், அடுத்து புரோலின் தவிர ஏதேனும் ஒன்று, அதற்கடுத்து செரினோ திரியோனினோ வரும் இடத்தில்தான் ஏறும். புரதம் சரியாக மடிந்ததா என்று செல் சோதிப்பதற்கும் இந்தச் சர்க்கரையே உதவுகிறது.

பிறகு புரதம் கோல்கை உறுப்புக்குப் போகிறது. அங்கே பழைய சர்க்கரைகள் சில வெட்டப்பட்டு, புதியவை பூட்டப்படுகின்றன: கேலக்டோஸ், ஃபூகோஸ், நுனியில் எதிர்மின்னூட்டம் கொண்ட சயாலிக் அமிலம். பூ கட்டுகிறவர் கைக்கு எட்டும் கூடையில் எந்தப் பூ இருக்கிறது, எதை முதலில் எடுக்கிறார் என்பதைப் பொறுத்துச் சரம் மாறுவதுபோல, எந்த நொதி எவ்வளவு இருக்கிறது, எது முந்துகிறது என்பதைப் பொறுத்துச் சங்கிலியின் வடிவம் மாறுகிறது. கல்லீரல் செல்லிடம் இருக்கும் நொதிகளின் கலவை வேறு, நரம்புச் செல்லிடம் இருப்பது வேறு. ஒரே செல்லிலும் பிறந்த வாரத்தில் இருந்த கலவை மூன்றாம் மாதத்தில் இருப்பதில்லை. புரதம் துளியும் மாறாமல் அதன் மேற்பரப்பு மாறுவது இதனால்தான்.

ஒரே மரபணு, கண்ணிலும் ரத்தத்திலும்

சின்ன ஐ-யைப் பெரிய ஐ ஆக்கும் நொதி, ஜிசிஎன்டி-2 என்ற மரபணுவிலிருந்து வருகிறது. நேர் இழையின் நடுவே ஒரு புதிய சர்க்கரையைப் பக்கவாட்டில் பூட்டிக் கிளைக்கு வழி திறப்பது அதன் வேலை. இந்த மரபணுவுக்கு மூன்று மாற்றுத் தொடக்கப் பகுதிகள் இருக்கின்றன. பின்பகுதி மூன்றுக்கும் பொது. சிவப்பணுவாகப் போகும் செல் ஒரு தொடக்கத்தைப் பயன்படுத்துகிறது. கண்ணின் வில்லை வேறொன்றைப் பயன்படுத்துகிறது.

மிக அரிதாகச் சிலர் வளர்ந்த பிறகும் சின்ன ஐ வகையிலேயே இருக்கிறார்கள். தைவானிலும் ஜப்பானிலும் இப்படிப்பட்டவர்களில் பலருக்குப் பிறவிக் கண்புரையும் சேர்ந்திருப்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. ரத்த வகைக்கும் கண்புரைக்கும் என்ன சம்பந்தம்? 2003-இல் விடை கிடைத்தது. கோளாறு சிவப்பணுவுக்கான தொடக்கப் பகுதியில் மட்டும் இருந்தால் ரத்தம் மட்டும் குழந்தைப் பருவ வடிவில் நின்றுவிடுகிறது, கண் தப்பித்துவிடுகிறது. பொதுவான பின்பகுதியில் இருந்தால் இரண்டும் பாதிக்கப்படுகின்றன. உறுப்புதோறும் தனித்தனிக் காலக்கணக்கை உடல் எப்படி வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். மரபணு ஒன்றுதான், அதைத் திறக்கும் வாசல்கள் உறுப்புக்கு உறுப்பு வேறு.

இந்தக் கிளைகள் ரத்த வகைக்கும் முக்கியம். ஏ, பி அடையாளங்கள் சங்கிலியின் நுனிகளில்தான் பூட்டப்படுகின்றன. பிறந்த குழந்தையின் சங்கிலியில் கிளைகள் குறைவு. ஆகவே நுனிகளும் குறைவு. பச்சிளம் குழந்தையின் ஏ, பி அடையாளங்கள் பெரியவர்களுடையதைவிட வலுக்குறைந்து இருந்து, இரண்டு முதல் நான்கு வயதுக்குள் முழு அளவை எட்டுகின்றன. தாய்க்கு ஓ வகை, குழந்தைக்கு ஏ அல்லது பி வகை என்று வரும் பல பிரசவங்களில் குழந்தையின் ரத்தச்சிதைவு பெரும்பாலும் லேசாகவே முடிவதற்கு இது ஒரு காரணம். தாயின் எதிர்ப்பொருள் வந்து பிடிப்பதற்குக் குழந்தையின் அணுவில் பிடிமானம் குறைவு.

மூளையில் விலகலும் நெருக்கமும்

மூளையில் நடப்பது இன்னும் பெரிய மாற்றம். நரம்புச் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உதவும் புரதங்களில் முக்கியமானது ‘என்-கேம்’. நோபல் பரிசு பெற்ற ஜெரால்டு எடெல்மனின் குழுவினர் அதைக் கண்டறிந்தபோது, கருவில் இருக்கும் மூளையிலும் வளர்ந்த மூளையிலும் அது இரு வேறு விதமாக நடந்துகொள்வதைக் கவனித்தார்கள். கருப்பருவத்து என்-கேமின் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு சயாலிக் அமிலம். வளர்ந்த பிறகு அது 10 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடுகிறது. 1982-இல் ஃபின்லாந்தின் யூக்கா ஃபின்னே இந்தச் சர்க்கரையின் வடிவத்தைக் காட்டினார். சயாலிக் அமிலம் மட்டுமே ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நெடுஞ்சங்கிலி அது. அதற்குப் பாலிசயாலிக் அமிலம் என்று பெயர்.

ஒவ்வொரு கண்ணியிலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் இந்தச் சங்கிலி நீரை ஈர்த்துப் பருத்து நிற்கிறது. பக்கத்துச் செல் நெருங்க முடியாமல் இடைவெளி விழுகிறது. வளரும் மூளைக்கு அந்த இடைவெளி வேண்டும். செல்கள் நகர்ந்து தத்தம் இடம் போய்ச் சேரவேண்டும். நரம்பிழைகள் வழி தேடி நீளவேண்டும். அந்த வேலைகள் ஓய்ந்த பிறகு சங்கிலி விலக்கப்படுகிறது, செல்கள் நெருங்குகின்றன, இணைப்புகள் நிலைபெறுகின்றன. சுண்டெலிகளில் பிறந்த இரண்டாம், மூன்றாம் வாரங்களில் பாலிசயாலிக் அமிலம் வேகமாகச் சரிகிறது. மூளையின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே நாளில் சரிவதில்லை. பகுதிக்குப் பகுதி வேகம் மாறுகிறது. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ், மணத்தை உணரும் பகுதி போன்று வளர்ந்த பிறகும் இணைப்புகள் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் கொஞ்சம் தங்கிவிடுகிறது.

இந்தச் சங்கிலி எவ்வளவு அவசியம் என்பதை ஜெர்மனியின் ஹானோவர் நகரில் ரீட்டா கெரார்டி-ஷான் குழுவினர் 2005-இல் காட்டினார்கள். பாலிசயாலிக் அமிலத்தைக் கட்டுபவை இரண்டு நொதிகள். இரண்டையும் நீக்கிய சுண்டெலிகளின் மூளையில் முக்கியமான நரம்புப் பாதைகள் சரிவர அமையவில்லை. பெரும்பாலானவை பிறந்த சில வாரங்களில் இறந்துபோயின. அடுத்து அவர்கள் செய்ததுதான் வியப்பானது. அந்த இரண்டு நொதிகளோடு என்-கேம் புரதத்தையும் சேர்த்து நீக்கினார்கள். சுண்டெலிகள் பெருமளவு பிழைத்துக்கொண்டன. அதாவது, உயிரைப் பறித்தது சர்க்கரை இல்லாமை மட்டும் இல்லை. சர்க்கரையின் மறைப்பு இல்லாமல், உரிய காலத்துக்கு முன்பே ஒட்டத் தொடங்கிய புரதம். காலம் தவறிய ஒட்டுதல் அத்தனை ஆபத்து.

மூளைக்கு உதவும் இதே சங்கிலியை இரண்டு நோய்க்கிருமிகள் தங்கள் மேலுறையாகக் கொண்டிருக்கின்றன. ஒன்று, மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸின் பி வகை. மற்றொன்று, பச்சிளம் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஈ.கோலையின் கே-1 வகை. குழந்தையின் நோய் எதிர்ப்பு அமைப்பு இந்த உறையை எதிரியாகப் பார்ப்பதே இல்லை. தன் மூளையில் இருப்பதும் அதுதானே. மெனிங்கோகாக்கஸின் ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கு அவற்றின் சர்க்கரை உறையை வைத்தே தடுப்பூசி செய்தார்கள். பி வகைக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. உறை எதிர்ப்பொருளைச் சரியாகத் தூண்டவில்லை. தூண்டியிருந்தால் அது மூளையையே தாக்குமோ என்ற அச்சமும் இருந்தது. கடைசியில் கிருமியின் புரதங்களைக் கொண்டு புதிய வழியில் தடுப்பூசி உருவாக்கி, 2013-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றார்கள்.

பால்குடி மறக்கும் குடல்

குடலின் காலக்கணக்கு உணவு மாறும் பருவத்தை ஒட்டி அமைகிறது. எலிக்குட்டிகள் பால் குடிக்கும் காலத்தில் அவற்றின் சிறுகுடல் உறையிலுள்ள புரதங்களின் சங்கிலி நுனிகளில் சயாலிக் அமிலம் மிகுந்திருக்கிறது. மூன்றாம் வாரத்தில் பால்குடி மறந்து தானியத்துக்கு மாறும்போது சயாலிக் அமிலம் குறைந்து, அந்த இடங்களில் ஃபூகோஸ் ஏறுகிறது.

இதில் குட்டியின் மரபணு மட்டும் சம்பந்தப்படவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கோர்டனின் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்த்த சுண்டெலிகளின் குடலிலும் ஃபூகோஸ் மூன்றாம் வாரத்தில் தோன்றியது. ஆனால் நான்காம் வாரத்துக்குள் மறைந்துவிட்டது. பாக்டீராய்ட்ஸ் இனத்தைச் சேர்ந்த ஒரே ஒரு வகை பாக்டீரியாவைக் குடியேற்றியதும் ஃபூகோஸ் மீண்டும் வந்தது. ஃபூகோஸைத் தின்னத் தெரிந்த பாக்டீரியா அது. குடலில் குடியேறிய நுண்ணுயிர் தனக்கு வேண்டிய சர்க்கரையைக் குடலையே செய்ய வைக்கிறது. மாற்றத்தைத் தொடங்குவது உடல். அதைத் தொடரவைப்பது நுண்ணுயிர்.

குடல் உறையிலுள்ள இத்தகைய சர்க்கரைகளைப் பிடித்துத்தான், வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ் குடல் செல்களுக்குள் நுழைகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பச்சிளம் குழந்தைகளிடம் ஜி-10 பி-11 என்ற ரோட்டா வைரஸ் வகை திரும்பத் திரும்பக் காணப்பட்டது. பிறந்து சில நாளே ஆன குழந்தைகளைத் தொற்றும் இந்த வகை, சற்று வளர்ந்த குழந்தைகளிடம் ஏன் அரிதாக இருக்கிறது? வேலூர் ஆய்வாளர்களும் ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-இல் ஒரு விடையை முன்வைத்தார்கள். வைரஸின் கூர்முனைப் புரதம், கேலக்டோஸும் என்-அசிட்டைல்குளுக்கோசமைனும் சேர்ந்த வெற்றுச் சங்கிலியைப் பிடிக்கிறது. அதாவது இன்னும் ஃபூகோஸ் போன்ற மேல்பூட்டுகள் ஏறாத முன்வடிவத்தை. பச்சிளம் சிவப்பணுவின் சின்ன ஐ-யும் இதே இரு சர்க்கரைகள் மாறி மாறி வரும் சங்கிலிதான். வயது ஏற ஏற இத்தகைய முன்வடிவங்கள் கிளைவிட்டும் மூடப்பட்டும் போவதால் வைரஸுக்குப் பிடி குறைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இந்தியாவின் ரோட்டாவேக் தடுப்பு மருந்தும் பி-11 குடும்பத்தைச் சேர்ந்த 116ஈ என்ற வைரஸிலிருந்து பிறந்ததுதான். தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில், தொற்று இருந்தும் வயிற்றுப்போக்கு காணாத பச்சிளம் குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்டது அது. 2014-இல் உரிமம் பெற்று, 2016 முதல் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்து, இன்று குழந்தைகளின் வாயில் சொட்டு மருந்தாக விழுகிறது.

இதயம், நுரையீரல்

இதயத் துடிப்புக்கான மின்சாரம், செல்லின் உறையிலுள்ள சோடியம் வாயில்கள் திறப்பதால் கிளம்புகிறது. அந்த வாயில்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்திருக்கின்றன. நுனியிலுள்ள சயாலிக் அமிலத்தின் மின்னூட்டம், வாயில் எந்த மின்னழுத்தத்தில் திறக்கும் என்பதையே சற்று நகர்த்துகிறது. தென் புளோரிடா பல்கலைக்கழகத்தின் எரிக் பென்னட் குழுவினர் 2009-இல், புதிதாகப் பிறந்த சுண்டெலியின் இதயத்தையும் வளர்ந்ததன் இதயத்தையும் ஒப்பிட்டார்கள். சர்க்கரை தொடர்பான மரபணுக்களில் பாதிக்கும் மேல், வயதுக்கு ஏற்பவோ இதய அறைக்கு ஏற்பவோ வேறு அளவில் இயங்கின. மூளையில் பாலிசயாலிக் அமிலம் கட்டும் இரு நொதிகளில் ஒன்று, பிறந்த பருவத்து மேலறையிலும் இருந்தது. வளர்ந்த பிறகு அங்கே காணோம். அந்த நொதி இல்லாத சுண்டெலிகளில் பிறந்த பருவத்து மேலறைச் செல்களின் மின்னோட்டமே வேறு விதமாக இருந்தது.

நுரையீரலில் ஃபூகோஸ் ஒன்றே உயிர்நிலையாக இருக்கிறது. சங்கிலியின் அடிப்பகுதியில் ஃபூகோஸைப் பூட்டும் எஃப்யூடி-8 நொதியை ஜப்பானின் ஒசாகா ஆய்வாளர்கள் நீக்கியபோது, சுண்டெலிக் குட்டிகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு பிறந்து மூன்று நாளுக்குள் இறந்தன. பிழைத்தவை வளராமல் நலிந்தன; அவற்றின் நுரையீரல் காற்றறைகள், நெடுநாள் புகை பிடித்தவர்களுடையவைபோல விரிந்து சிதைந்திருந்தன. திசுவின் கட்டமைப்பைக் காக்கும் ஒரு வளர்ச்சிக் காரணியின் ஏற்பி, அந்த ஒரு ஃபூகோஸ் இல்லாமல் தன் வேலையைச் செய்ய முடியவில்லை.

உறுப்புதோறும் வரைபடம்

இவற்றையெல்லாம் எப்படிக் கண்டறிகிறார்கள்? திசுவிலிருந்து புரதத்தைப் பிரித்து, சிறு துண்டுகளாக வெட்டி, சர்க்கரை உள்ள துண்டுகளை மட்டும் வடித்தெடுக்கிறார்கள். பிறகு ஒரு நொதியால் சர்க்கரையைக் கழற்றுகிறார்கள். கழன்ற இடத்திலிருந்த அஸ்பராஜின், அஸ்பார்டிக் அமிலமாக மாறி, ஏறக்குறைய ஒரு டால்டன் எடை கூடுகிறது. ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடைக்குச் சமமான அந்தச் சிறு வித்தியாசத்தை நிறை நிறமாலைமானி பிடித்துவிடுகிறது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தில் மத்தியாஸ் மானின் குழு 2010-இல் சுண்டெலியின் மூளை, இதயம், சிறுநீரகம், கல்லீரல், ரத்தநீர் ஆகியவற்றில் 2,352 புரதங்களின் மேல் 6,367 சர்க்கரை இடங்களைக் குறித்துக் காட்டியது. இடங்களை அறிவது முதல் படி. ஒவ்வோர் இடத்திலும் எந்த வடிவச் சங்கிலி நிற்கிறது, அது நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பதை உறுப்பு உறுப்பாக எடுப்பது அடுத்த படி. அது இன்னும் கடினம், ஏனென்றால் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் பல வடிவங்கள் கலந்தே இருக்கும்.

சுண்டெலியின் கணக்கை அப்படியே மனிதனுக்குப் பொருத்தவும் முடியாது. சுண்டெலி செய்யும் சயாலிக் அமில வகைகளில் ஒன்றை மனித உடல் செய்வதே இல்லை. அதற்கான மரபணு நம் முன்னோரிடம் செயலிழந்துவிட்டது. சுண்டெலியின் மூன்று வாரம் நமக்கு மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீள்கிறது.

சர்க்கரை தவறினால்

சங்கிலி கட்டும் நொதிகளில் பிறவிக் குறை உள்ள குழந்தைகள் உண்டு. 1980-இல் பெல்ஜியத்தின் யாக் யாக்கன், இரட்டைச் சகோதரிகளிடம் இத்தகைய நோயை முதன்முதலில் விவரித்தார். இன்று 150-க்கும் மேற்பட்ட வகைகள் தெரிந்திருக்கின்றன. மூளை, கல்லீரல், தசை, ரத்த உறைவு என்று பல உறுப்புகள் ஒருசேரப் பாதிக்கப்படும். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தின் சர்க்கரையைப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் பிறந்த முதல் சில வாரங்களில் இந்தப் பரிசோதனை நோயைத் தவறவிடலாம். ஆகவே சந்தேகம் இருந்தால் பிறகு மறுபடியும் செய்கிறார்கள்.

ஒரு வகைக்கு மருந்து உண்டு. எம்பிஐ என்ற நொதியில் குறை இருந்தால் உடலால் போதுமான மேனோஸ் மூலப்பொருளைத் தயாரிக்க முடியாது. மேனோஸை வாய்வழியாகக் கொடுத்தால் செல் வேறு பாதையில் அதை எடுத்துக்கொள்கிறது. ரத்தக்கசிவும் குடல் பாதிப்பும் தணிகின்றன. 1998-இல் வெளிவந்த சிகிச்சை இது. நோயைச் சரியான வயதில் அடையாளம் கண்டால், ஒரு எளிய சர்க்கரையே குழந்தையின் உயிரைக் காக்கிறது.

பச்சிளம் குழந்தையைச் சிறிய உருவம் கொண்ட பெரியவராக எண்ணி மருந்தின் அளவை மட்டும் குறைத்தால் போதாது என்று குழந்தை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கூற்றுக்கு மூலக்கூறு அளவில் வலுவான காரணத்தைச் சர்க்கரைச் சங்கிலிகள் தருகின்றன. ஒரு வைரஸ் எதைப் பிடிக்கும், ஒரு தடுப்பூசி எதைத் தூண்டும், ஒரு பரிசோதனை எதைக் காட்டும் என்பது குழந்தை எத்தனை வாரம் வளர்ந்திருக்கிறது என்பதையும், எந்த உறுப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் பொறுத்தது. எந்தப் புரதம் எந்த உறுப்பில் இருக்கிறது என்ற பட்டியல்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றோடு வயது என்ற ஒரு பத்தியையும் சேர்த்து, பிறந்த நாளிலிருந்து நிரப்பத் தொடங்கவேண்டும். மிகச் சிறிய நோயாளிகளுக்கு நாம் செய்யவேண்டிய அடிப்படைக் கடமை அது.